ஸ்மார்ட் டிவி மக்கர் செய்கிறதா? ஃபேக்டரி ரீசெட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வீட்டில் டிவி ஓடவில்லை என்றால் பலரும் உடனே செய்வது இரண்டில் ஒன்று. மெக்கானிக்குக்குப் போன் போடுவார்கள். இல்லாவிட்டால் செட்டிங்ஸுக்குள் போய் ஃபேக்டரி ரீசெட்டை அழுத்திவிடுவார்கள். முதலாவதில் பணம் போகும். இரண்டாவதில் வைஃபை பாஸ்வேர்டு, லாகின், ஆப்கள், படத்துக்குப் பார்த்துப் பார்த்து வைத்த அளவுகள் எல்லாம் போகும். இவ்வளவு போன பிறகும் கோளாறு அப்படியே இருக்கலாம், ஏனென்றால் அது டிவியிலேயே இல்லாமல் இருந்திருக்கும்.

2025 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். போனில் இருக்கும் வீடியோவை டிவியில் காட்ட டிவியில் செருகும் கூகுளின் சின்னக் கருவிதான் குரோம்காஸ்ட். உலகம் முழுக்க அதன் இரண்டாம் தலைமுறைக் கருவிகள் திடீரென்று வேலை செய்யாமல் நின்றன. அவற்றுக்குள் இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழின் காலம் முடிந்துபோனதுதான் காரணம். வீட்டில் இருப்பவர் செய்ய அதில் ஒன்றுமே இல்லை. ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே கேட்டுக்கொண்டது. சில நாட்களில் திருத்தத்தையும் அனுப்பியது. பொறுத்திருந்தவர்களுக்குக் கருவி தானாகச் சரியானது. அவசரப்பட்டு ரீசெட் கொடுத்தவர்கள்தான் அதைத் திரும்ப இணைக்க முடியாமல் கூடுதலாக அல்லாடினார்கள்.

அதனால் முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள், அப்புறம் கை வையுங்கள். கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்தால் போதும்.

கோளாறு எங்கே இருக்கிறது?

டிவியில் ஒரு படம் ஓட வேண்டுமென்றால் டிவி, வீட்டு ரவுட்டர், இணைய இணைப்பு, படத்தைத் தரும் ஆப் ஆகிய நான்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். எது சரியில்லை என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் வேறொரு ஆப்பைத் திறந்து பாருங்கள். யூடியூப் ஓடுகிறது, ஜியோஹாட்ஸ்டார் மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு அந்த ஆப்பில்தான். நேரே கீழே உள்ள ஆப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

எந்த ஆப்பும் ஓடவில்லையா? உங்கள் போனை அதே வைஃபையில் இணைத்து ஏதாவது வீடியோ பாருங்கள். இங்கே ஒரு விஷயத்தில் கவனம் தேவை: போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வைஃபையில் இணையம் வரவில்லை என்றால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். 'போனில் நன்றாக வருகிறது, டிவியில்தான் வரவில்லை' என்று பலர் டிவியின் மேல் பழி போடுவது இதனால்தான்.

போனிலும் வரவில்லை என்றால் ஃபைபர் மோடத்தைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ மினுங்கினாலோ ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். தெருவில் கேபிள் அறுந்திருக்கலாம், மோடத்துக்குப் பின்னால் அந்த மெல்லிய கேபிள் மடங்கியிருக்கலாம். டிவி செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் பலன் இருக்காது. இணைய நிறுவனத்திடம் புகார் பதிவு செய்யுங்கள்.

போனில் வருகிறது, டிவியில் மட்டும் வரவில்லை என்றால் கடைசியாக ஒரு சோதனை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியை அதில் இணையுங்கள். ஓடினால் டிவி நன்றாக இருக்கிறது, ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில்தான் சிக்கல். ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை என்றால் டிவியின் மென்பொருளைப் பார்க்க வேண்டும். ஹாட்ஸ்பாட் பெயரே டிவியில் தெரியவில்லை என்றால் போனில் அதை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுங்கள். ஐபோனில் 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்யுங்கள். சோதித்து முடித்ததும் ஹாட்ஸ்பாட்டை மறக்காமல் அணைத்துவிடுங்கள். முழு எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுத்துவிடும்.

ரிமோட்டில் அணைப்பது ரீஸ்டார்ட் ஆகாது

ரிமோட்டில் பவர் பட்டனை அழுத்தினால் பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகள் முழுதாக அணைவதில்லை, தூங்கப் போகின்றன. திரும்ப எழும்போது பழைய சிக்கலோடுதான் எழும். மாதக்கணக்கில் ஒருமுறைகூட உண்மையாக ரீஸ்டார்ட் ஆகாத டிவிகள் நிறைய வீடுகளில் இருக்கின்றன. ஹேங் ஆவது, ஆப் திறக்காமல் கறுப்புத் திரையிலேயே நிற்பது, வைஃபை விட்டு விட்டு வருவது இவற்றில் பெரும்பகுதி ஒரு நல்ல ரீஸ்டார்ட்டிலேயே போய்விடும்.

எந்த டிவிக்கும் பொருந்தும் வழி சுவர் ஸ்விட்ச்தான். ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். உடனே போட்டுவிடக் கூடாது; உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும். ஆண்ட்ராய்டு, கூகுள் டிவிகளில் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் ரீஸ்டார்ட் இருக்கும். சாம்சங் டிவியில் ரிமோட்டின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் திரை அணைந்து, மறுபடி லோகோ வரும். அதன் பிறகு கையை எடுங்கள். எல்ஜி டிவியில் 'குயிக் ஸ்டார்ட்' ஆன் ஆகியிருந்தால் டிவி எப்போதும் அரைத்தூக்கத்திலேயே இருக்கும், அதனால் பிளக்கைப் பிடுங்குவதே நல்லது. ஃபயர் டிவி ஸ்டிக் என்றால் ரிமோட்டில் நடு பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து, ரீஸ்டார்ட் ஆகும் வரை அழுத்திப் பிடியுங்கள்.

திரையில் 'அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்' என்று இருக்கும்போது மட்டும் ஸ்விட்சில் கை வைக்கக் கூடாது. பாதியில் நின்ற அப்டேட் டிவியைக் கிளம்பவே விடாமல் செய்துவிடும். கரண்ட் போய்ப் போய் வரும் மழைநாளில் அப்டேட் கொடுக்காமல் தள்ளிப் போடுவதும் இதற்காகத்தான்.

ரவுட்டரையும் கையோடு அணைத்துப் போடுங்கள். மோடமும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் முதலில் மோடம், விளக்குகள் நிலைத்ததும் ரவுட்டர், கடைசியில் டிவி.

வைஃபை தகராறுகள்

வைஃபை பெயரே பட்டியலில் இல்லை என்றால் உங்கள் டிவி 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் மாடலாக இருக்கலாம். விலை குறைந்த டிவிகளில் இது சகஜம். ரவுட்டர் 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒளிபரப்பினால் அந்த டிவிக்கு அது தெரியவே தெரியாது. ரவுட்டர் செட்டிங்ஸில் இரண்டையும் ஆன் செய்து, இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். இரண்டையும் பிடிக்கும் டிவி என்றால், ரவுட்டர் அதே அறையில் இருக்கும்போது 5, நடுவில் சுவர்கள் இருந்தால் 2.4 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டும்போது சோர்ந்துவிடும்.

பாஸ்வேர்டு தவறு என்று திரும்பத் திரும்பச் சொன்னால், டைப் செய்யும்போது பாஸ்வேர்டைக் காட்டும் தேர்வை டிக் செய்துவிட்டு அடியுங்கள். ரிமோட்டை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிக்கும்போது பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் மாறிப்போவது சர்வசாதாரணம்.

அடுத்தது, பலரையும் குழப்புகிற ஒன்று: 'வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை.' போனில் எல்லாம் சரியாக வரும், டிவியில் மட்டும் இந்த வரி நிற்கும். உடனே ரவுட்டரைத் திட்டாமல் டிவியின் தேதியைப் பாருங்கள். நெட்பிளிக்ஸோ யூடியூப்போ, டிவி எந்த சர்வரோடு பேசினாலும் முதலில் அதன் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று காலக்கெடு உண்டு. நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த டிவி சில சமயம் ஏதோ ஒரு பழைய வருடத்துக்குப் போய்விடும். டிவியின் கடிகாரம் 2018 என்று காட்டினால், இந்த வருடம் வழங்கப்பட்ட சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. எனவே இணைப்பை மறுத்துவிடும். செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய்த் தானியங்கி என்பதை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் தானியங்கியை அணைத்துவிட்டு இன்றைய தேதி, நேரத்தைக் கையால் கொடுங்கள், நேர மண்டலமாக இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிட வேலைதான், பல முறை இதிலேயே தீர்ந்துவிடும்.

தேதி சரியாக இருந்தும் அதே நிலைதானா? டிவியில் அந்த வைஃபையை மறக்கச் செய்து, புதிதாக இணையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் டிஎன்எஸ் மாற்றிப் பார்க்கலாம். இணையதளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ். இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சுணங்கினால் சில ஆப்கள் மட்டும் திறக்காமல் போகும். சாம்சங்கில் நெட்வொர்க் நிலை, ஐபி செட்டிங்ஸ் வழியாகப் போய் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ கொடுக்கலாம். முதலாவது கூகுளுடையது, இரண்டாவது கிளவுட்ஃபிளேருடையது. ஆண்ட்ராய்டு டிவியில் இதைச் செய்ய ஐபி முகவரியையும் 'ஸ்டாட்டிக்' ஆக்க வேண்டியிருக்கும். அங்கே ஏற்கெனவே தெரியும் மற்ற எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, டிஎன்எஸ் வரியை மட்டும் மாற்றுங்கள்.

படம் நின்று நின்று ஓடினால்

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? எவ்வளவு வேகம் தேவை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நெட்பிளிக்ஸ் தன் கணக்கில் முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. நீங்கள் போட்டிருக்கும் பிளான் 100 எம்பிபிஎஸ் என்றால் பிளானில் குறை இல்லை, டிவி வரை அது வந்து சேரவில்லை. பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்கும் முன் இதைச் சோதியுங்கள்: டிவியில் பிரவுசர் இருந்தால் அதில் வேகச் சோதனை செய்யுங்கள், இல்லாவிட்டால் டிவிக்குப் பக்கத்திலேயே போனை வைத்துச் செய்யுங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று எடுக்கும் அளவால் பயனில்லை.

ரவுட்டரின் இடம் மிக முக்கியம். ஃபைபர் வீட்டுக்குள் நுழைந்த மூலையிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்க நன்றாக இல்லையே என்று சிலர் அதை ஷோகேஸ் கதவுக்குள் வைத்து மூடுகிறார்கள், சிலர் டிவிக்குப் பின்னாலேயே செருகுகிறார்கள். டிவியின் பின்பக்கத் தகடு, ஸ்டீல் பீரோ, கான்கிரீட் சுவர், மீன் தொட்டி எல்லாமே அலையைத் தடுக்கும். ரவுட்டரைத் திறந்த இடத்தில், தலை உயரத்துக்கு மேல் வையுங்கள்.

முடிந்தால் கேபிள் போட்டுவிடுங்கள். ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்தால் இந்தப் பிரச்சினையை அடியோடு மறந்துவிடலாம். பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வரைதான் தரும். சோதனையில் வைஃபையைவிடக் குறைவான எண்கூட வரலாம். கவலைப்படாதீர்கள். 4கே படத்துக்கு வேண்டியது 15தான். ஏற்ற இறக்கம் இல்லாமல் வருவதே முக்கியம்.

இன்னொரு வகை உண்டு. படம் நிற்காமல் ஓடும், ஆனால் மங்கலாக இருக்கும். அதற்கு உங்கள் சந்தா காரணமாக இருக்கலாம். நெட்பிளிக்ஸின் மொபைல் பிளான் டிவியில் ஓடவே ஓடாது. பேசிக் பிளான் 720பி தெளிவோடு நின்றுவிடும். பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் வேறொரு தடை. திருட்டைத் தடுக்கும் வைட்வைன் என்ற பாதுகாப்பின் முதல் நிலைச் சான்று இல்லாத கருவிக்குப் பெரிய ஆப்கள் எச்டி தரமாட்டா. எந்த செட்டிங்ஸை மாற்றினாலும் இது மாறாது. வாங்குவதற்கு முன்னாலேயே விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

ஆப் திறக்கவில்லை, இன்ஸ்டால் ஆகவில்லை

பட்ஜெட் டிவிகளில் உள் நினைவகம் பெரும்பாலும் 8 ஜிபி. இயங்குதளமே அதில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். மீதியில் பத்துப் பதினைந்து ஆப்களைப் போட்டால் டிவிக்கு மூச்சு முட்டும். அப்டேட் ஆகாமல் நிற்பது, ஆப் திறந்ததும் மூடிக்கொள்வது எல்லாம் இதன் அறிகுறி. செட்டிங்ஸில் ஸ்டோரேஜைப் பாருங்கள், பயன்படுத்தாத ஆப்களை நீக்குங்கள். கம்பெனியே போட்டுக் கொடுத்த ஆப்களை நீக்க முடியாவிட்டாலும் முடக்கி வைக்கலாம்.

குறிப்பிட்ட ஓர் ஆப் மட்டும் தகராறு செய்தால் ஆண்ட்ராய்டு டிவியில் செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப்பின் பெயர் என்று போங்கள். அங்கே இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்து ஆப்பைத் திரும்பத் திறங்கள்.
2. கேஷை அழியுங்கள். தற்காலிகக் குப்பை மட்டும் போகும், லாகின் அப்படியே இருக்கும்.
3. பிளே ஸ்டோரில் அப்டேட் இருக்கிறதா பாருங்கள்.
4. டேட்டாவை அழியுங்கள். இதில் லாகின் போய்விடும், பாஸ்வேர்டு கையில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.
5. நீக்கிவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்யுங்கள்.

சாம்சங், எல்ஜி டிவிகளில் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு நேராக நீக்கிப் போடுவதுதான் சுலபம். சாம்சங்கில் எந்த ஆப்பும் திறக்காவிட்டால் சப்போர்ட் பகுதியில் ஸ்மார்ட் ஹப் ரீசெட் இருக்கிறது. ஆப்களையும் லாகினையும் மட்டும் அழிக்கும், டிவியின் மற்ற அமைப்புகளைத் தொடாது. பின் நம்பர் கேட்டால், நீங்கள் மாற்றாதவரை 0000.

சில சமயம் ஆப்பில் குறையே இருக்காது, கணக்கில் இருக்கும். அமேசான் பிரைம் வீடியோ இந்தியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு கணக்குக்கு 5 கருவிகள், அதில் டிவி 2 மட்டும் என்று வரம்பு வைத்தது. அண்ணன் வீட்டிலும் மாமியார் வீட்டிலும் அதே கணக்கு ஓடினால் உங்கள் டிவியில் திறக்காது. கணக்குக்குள் போய்ப் பழைய கருவிகளை நீக்குங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள். டிவியில் லாகின் செய்யும்போது ஒரு குறியீட்டைக் காட்டி, அதைப் போனிலோ கணினியிலோ கொடுக்கச் சொல்லும். அந்த முகவரியை டிவியில் இருப்பதுபோலவே எழுத்து மாறாமல் அடியுங்கள். தேடுபொறியில் தேடினால் 'ஆக்டிவேஷன் கட்டணம்' கேட்கும் போலித் தளங்களும், 'கஸ்டமர் கேர்' என்று போடப்பட்ட மோசடி எண்களும் வரும். ஆக்டிவேஷனுக்கு எந்த ஆப்பும் தனியாகப் பணம் வாங்குவதில்லை. உங்கள் போனை அவர்கள் தூரத்திலிருந்தே இயக்க வழிவிடும் எனிடெஸ்க் போன்ற ஆப்பை இறக்கச் சொன்னால் உடனே இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

நோ சிக்னல், ஒலி, ரிமோட், காஸ்ட்

'நோ சிக்னல்' என்று வந்தால் முதலில் ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அழுத்தி, செட்டாப் பாக்ஸ் எந்த ஹெச்டிஎம்ஐ எண்ணில் செருகப்பட்டிருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் கையில் ரிமோட் போனால் இது மாறிவிடும். சரியாக இருந்தும் வரவில்லை என்றால் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிச் செருகுங்கள். பிறகு வேறு போர்ட், பிறகு வேறு கேபிள்.

சவுண்ட்பாரில் ஒலி வரவில்லையா? அதன் கேபிள் டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதிய போர்ட்டில் இருக்க வேண்டும், மற்றதில் வராது. அதோடு, ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி வசதி ஆன் ஆகியிருக்க வேண்டும்; சாம்சங்கில் இதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். உதட்டசைவுக்குப் பின்னால் ஒலி வந்தால் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்முக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒலி வருகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் படும் இடத்தில் படம் மங்கலாக அசைவது தெரிந்தால் திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் போயிருக்கிறது. அது மென்பொருள் சமாசாரம் இல்லை, சர்வீஸுக்குத்தான் சொல்ல வேண்டும்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் பேட்டரியை மாற்றிய பிறகு, போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து அதன் முன்னால் ரிமோட்டின் முனையைக் காட்டி பவர் பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பெரும்பாலான போன் திரைகளில் ஊதா வெள்ளையாக மின்னும். மின்னினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. பவர் பட்டன் மட்டும் வேலை செய்து மற்றவை செய்யவில்லை என்றால் புளூடூத் இணைப்பு விட்டுப்போயிருக்கும். சாம்சங்கில் ரிட்டர்ன், பிளே இரண்டையும் சேர்த்து 3 விநாடி அழுத்துங்கள். ஃபயர் டிவியில் ஹோம் பட்டனைப் 10 விநாடி. எல்ஜி மேஜிக் ரிமோட்டில் டிவியைப் பார்த்து நடுச் சக்கரத்தை அழுத்துங்கள். புது ரிமோட் வரும் வரை போனையே ரிமோட்டாக்கலாம்: கூகுள் டிவி, ஸ்மார்ட்திங்ஸ், எல்ஜி திங்க்யூ ஆப்கள் இதற்கு உதவும்.

போனில் இருக்கும் வீடியோவை டிவிக்கு அனுப்பும் காஸ்ட் ஆகவில்லை என்றால் பத்தில் எட்டு முறை போனும் டிவியும் வேறு வேறு வைஃபையில் இருக்கும். டிவியை கெஸ்ட் நெட்வொர்க்கில் இணைத்திருந்தாலும் ஆகாது. போனில் விபிஎன் ஓடினால் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அப்டேட், கடைசியில் ரீசெட்

இவ்வளவு பார்த்தும் தீரவில்லை என்றால் மென்பொருள் அப்டேட். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட். சாம்சங்கில் சப்போர்ட் பகுதி. இணையமே வராத டிவிக்கு பென்டிரைவ் வழி உண்டு: டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை முழுதாகக் குறித்துக்கொண்டு, கம்பெனியின் அதிகாரபூர்வத் தளத்தில் அதே எண்ணுக்கான ஃபைலை எடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வேறு மாடல்தான், அதைப் போடாதீர்கள்.

ஃபேக்டரி ரீசெட் இதற்கெல்லாம் அப்புறம். செய்வதற்கு முன் வைஃபை பாஸ்வேர்டு, கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு, ஒவ்வோர் ஆப்பின் லாகினும் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். படம், ஒலி அமைப்புத் திரைகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ரீசெட்டுக்குப் பிறகும் சில ஆப்கள் திறக்கவில்லை, டிவியும் மிகப் பழையது என்றால் அதன் காலம் முடிந்திருக்கலாம். 2019 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் சில பழைய சாம்சங் டிவிகளுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 செப்டம்பர் 30 அன்று, இணையதளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, அப்டேட் வராத பழைய கருவிகள் பலவற்றில் இணையதளங்கள் திறக்காமல் போயின. பேனல் நன்றாக இருக்கும் டிவியை இதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு ஸ்டிரீமிங் ஸ்டிக்கைச் செருகினால் திரை பழையதாகவும் மூளை புதியதாகவும் ஓடும். ஸ்டிக்குக்கு மின்சாரத்தை மட்டும் டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காமல், அதோடு வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போட்டுக் கொடுங்கள். பல டிவிகளின் யுஎஸ்பி தரும் கரண்ட் அதற்குப் போதாது, ஸ்டிக் பாதியில் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.